கீபோர்டு ஸ்விட்ச் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்: சுண்டு விரலைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்

போன வாரம் அக்கா மகன் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கத் துணைக்குக் கூப்பிட்டான். கடையில் ஒன்பது ஸ்விட்ச் (ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த பாகம்) பதித்த சின்னப் பலகை ஒன்றை எடுத்து நீட்டினார்கள். ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, "மாமா, இதுதான்" என்றான். எனக்குப் பகீரென்றது. இதே மாதிரி ஒரு பலகையில், இதே விரலால் அழுத்திப் பார்த்துத்தான் நானும் ஒருகாலத்தில் ஒன்பதாயிரம் ரூபாயைத் தொலைத்தேன்.

விலை, லைட், அழகு பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை அவரவரே பார்த்துக்கொள்வீர்கள். நான் பகல் முழுக்கத் தமிழ் தட்டச்சு செய்கிறவன், இரவில் கொஞ்ச நேரம் கேம் ஆடுகிறவன், நண்பர்களின் கீபோர்டுகளைப் பிரித்து மாட்டித் தருகிறவன். புதிதாக வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன்.

ஒரே விரலால் அழுத்திப் பார்த்து முடிவெடுப்பது

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகியவன். அந்த மெஷினில் ஓங்கித் தட்டினால்தான் எழுத்து தெளிவாக விழும். அந்தப் பழக்கத்தில், கனமான கீதான் என் கைக்குச் சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடையில் 60 கிராம் ஸ்பிரிங் போட்ட லீனியர் ஸ்விட்சை, அதாவது நடுவில் எதுவும் தட்டுப்படாமல் நேராக இறங்கும் வகையை, அழுத்தியதும் பிடித்துவிட்டது. உறுதியாக, வழுவழுப்பாக இறங்கியது. அன்றே வாங்கி வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் வலது கையின் சுண்டு விரல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் உட்காரும் முறை சரியில்லையோ என்று நாற்காலியை ஏற்றினேன், இறக்கினேன். பிறகு ஒருநாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே கையைக் கவனித்தேன். நான் பயன்படுத்துவது தமிழ்99. 1999-இல் தமிழக அரசு தர விசைப்பலகையாக அறிவித்த அமைப்பு. அதில் ந, ய, ச, ஞ, ண, ழ ஆறும் வலது சுண்டு விரலின் பங்கு. 'நியாயம்' என்ற ஒரு சொல்லை அடிக்க அந்த விரல் மூன்று தடவை இறங்குகிறது. அதோடு பேக்ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் வேறு. கையிலேயே பலம் குறைந்த விரல், எல்லாவற்றுக்கும் அதே 60 கிராம். அந்த 60-கூட எழுத்து பதிவாகும் இடத்துக்கான கணக்குதான். அடிவரை அழுத்தினால் ஸ்பிரிங் இன்னும் எதிர்க்கும். டைப்ரைட்டிங் பழகிய கை அடிவரை அழுத்தாமல் இருக்காது.

கடையில் அழுத்திப் பார்த்தது ஆள்காட்டி விரல். அதற்கு எந்த ஸ்விட்சும் சுகமாகத்தான் இருக்கும்.

சரி, ஸ்விட்சை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த போர்டு ஹாட்-ஸ்வாப் (ஸ்விட்சைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி மாற்றும் வகை) இல்லை, எல்லாமே சால்டர் செய்தது. 104 கீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், ஆக 208 இடத்தில் ஈயத்தை உருக்கி உறிஞ்ச வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்தேன். நாற்பதாவது ஸ்விட்சோ என்னவோ, அவசரத்தில் சூட்டை அதிகம் வைத்துவிட்டேன். பிசிபியின் (உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையின்) செம்பு வளையமே ஸ்விட்சோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு. அத்தோடு அந்த போர்டு முடிந்தது. இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் ஒரு அரைமணி நேரச் சோதனையில் தப்பியிருக்கக்கூடிய செலவு அது.

எனவே முழுக் கீபோர்டு ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, நீங்கள் தினமும் அடிப்பதையே அரைமணி நேரம் அடித்துப் பாருங்கள். அதற்கு வழியில்லை, சோதனைப் பலகைதான் இருக்கிறது என்றால் சுண்டு விரலால், வேகமாக, இருபது தடவை அழுத்துங்கள். ஸ்விட்சை முடிவு செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை, போர்டு ஹாட்-ஸ்வாப்பாக இருக்கட்டும். இப்போது என் போர்டில் பொதுவாக 50 கிராம் லீனியர். சுண்டு விரல் தொடும் ஏழெட்டு இடங்களில் மட்டும் 35 கிராம். கலந்து போடுவதில் ஒரு தவறும் இல்லை.

நிறத்தை நம்புவது

சிவப்பு லீனியர், பிரவுன் டாக்டைல் (பாதியில் சின்ன முட்டு தட்டுப்படும்), நீலம் க்ளிக் (முட்டோடு சத்தமும் வரும்) என்பது செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ஸ்விட்சுகள் வைத்த வழக்கம். பல நிறுவனங்கள் அதை ஓரளவு பின்பற்றுகின்றன, ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. செர்ரியின் க்ளியர், தட்டுப்படும் முட்டு உள்ள கனமான டாக்டைல். கேட்டரான் என்ற இன்னொரு நிறுவனத்தின் க்ளியர், 35 கிராமில் இறங்கும் லீனியர். பெயர் ஒன்று, குணம் நேர் எதிர். நிறத்தை விடுங்கள், வகையையும் எடையையும் படித்து வாங்குங்கள்.

கேமுக்கு நீலம்

வேண்டாம். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நீல வகை ஸ்விட்சுக்குள் க்ளிக் சத்தம் எழுப்பத் தனியாக ஒரு சின்னத் துண்டு மேலும் கீழும் நகர்கிறது. அதனால் கீ பதிவாகும் இடம் ஒன்று, விடுபடும் இடம் அதற்கு மேலே இன்னொன்று. விரலை நன்றாக மேலே தூக்கினால்தான் அடுத்த அழுத்தம் பதிவாகும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இடம், வலம் நகர்த்தும் ஏ, டி கீகளை மாற்றி மாற்றித் தட்டி நிற்கும்போது இது கையில் உறைக்கும். லீனியரில் இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை.

எவ்வளவு சீக்கிரம் பதிவாகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பது

வழக்கமான சிவப்பு 2 மி.மீ. இறங்கியதும் பதிவாகும். செர்ரியின் ஸ்பீடு சில்வர் 1.2 மி.மீட்டரிலேயே. உலோகத் தொடர்புக்குப் பதில் காந்தத்தை வைத்து அழுத்தத்தை உணரும் காந்த ஸ்விட்சுகளில் 0.1 வரை இறக்கி வைக்கலாம். கேமில் சரி. அதே அமைப்பில் கடிதம் அடித்தால் விரல் ஓய்வாக இருக்கும் இடத்திலெல்லாம் எழுத்து விழும். தம்பி முறை வரும் ஒருவன் எல்லாக் கீயையும் 0.1-இல் வைத்துவிட்டு, கீபோர்டே கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தான். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்குக்கும் மட்டும் குறைத்து, மற்றதை 2 மி.மீட்டருக்கு ஏற்றிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு புகாரும் இல்லை.

ஏ, டி போன்ற எதிரெதிர் கீகளைச் சேர்த்து அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியதற்குத் தானாக மாற்றிவிடும் வசதியும் இப்போது சில போர்டுகளில் வருகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் அதற்கு 2024 ஆகஸ்டில் தடை போட்டுவிட்டார்கள். ஆடும்போது அணைத்து வையுங்கள்.

சாதாரண ஹாட்-ஸ்வாப் போர்டில் காந்த ஸ்விட்ச்

வேலை செய்யாது.

முதல் நாளே கிரீஸ் பூசுவது

வழுவழுப்புக்காக ஸ்விட்சைப் பிரித்து உள்ளே கிரீஸ் பூசுவார்கள். க்ளிக் ஸ்விட்சுக்குப் பூசவே வேண்டாம். டாக்டைலின் உள்தண்டில் முட்டை உண்டாக்கும் கால் மேல் அதிகம் பட்டால் முட்டு செத்துவிடும். லீனியருக்கு மட்டும், மெல்லிய படலமாக. முதலில் ஒரு மாதம் அப்படியே அடித்துப் பாருங்கள்.

மாட்டும்போது அழுத்தித் திணிப்பது

ஸ்விட்சின் செம்புக் கால்கள் நகம் பட்டாலே வளையும். ஐந்து கால் ஸ்விட்ச், மூன்று கால் போர்டு என்றால் ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிடலாம். செம்பை வெட்டிவிடாதீர்கள். நேராகப் பிடித்து, அடியில் ஒரு விரலால் சாக்கெட்டைத் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள். மாட்டிய பிறகு ஒரு கீ மட்டும் பேசவில்லை என்றால் போர்டைக் குறை சொல்லுமுன் அந்த ஸ்விட்சைக் கழற்றிப் பாருங்கள். அனேகமாக ஒரு கால் மடங்கியிருக்கும். ட்வீசரால் நிமிர்த்தி மறுபடி மாட்டினால் வேலை செய்யும். அதே கால் இரண்டு தடவைக்கு மேல் மடங்கினால் உடைந்துவிடும், அதனால் ஸ்விட்ச் வாங்கும்போதே நான்கைந்து உபரியாக வாங்கி வையுங்கள்.