தனி ஜெட் உறுப்பினர் திட்டம்: கோவையிலிருந்து பறப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பணம் கட்டி உறுப்பினராகி, தேவைப்படும்போது தனி விமானத்தில் பறக்க வழிசெய்வது தனி ஜெட் உறுப்பினர் திட்டம். அதை விற்க வருபவர் முதலில் எடுத்து வைப்பது மணிக்கு இவ்வளவு என்ற கட்டணத்தைத்தான். கோவையிலிருந்து பறப்பவருக்கு அது இரண்டாம் பட்சம். விமானம் இரவில் எந்த ஊரில் நிற்கிறது, அது காலியாக வந்துபோகும் நேரத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் எந்தத் திட்டமும் மலிவா, விலை அதிகமா என்று சொல்லிவிட முடியாது. திருப்பூர், கரூர் ஏற்றுமதியாளர்களும் கோவை பம்பு, வார்ப்படத் தொழில் முதலாளிகளும் இத்திட்டங்களை எடைபோடும்போது செய்யக்கூடிய தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இத்திட்டங்கள் பிறந்த இடம் அமெரிக்கா. இன்று நெட்ஜெட்ஸ் என்று அறியப்படும் நிறுவனம் 1964-இல் தொடங்கப்பட்டது. ஒரு விமானத்தைப் பலர் பங்காக வாங்கும் முறையை அது 1986-இல் அறிமுகப்படுத்தியது. 1998-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே அதை 72.5 கோடி டாலருக்கு வாங்கியது. பங்கு வாங்கும் அளவுக்குப் பயணம் இல்லாதவர்களுக்காக, 25 மணி நேரம் போன்ற சிறு அளவுகளில் பறக்கும் நேரத்தை முன்கூட்டியே விற்கும் ஜெட் கார்டு 2001 அளவில் வந்தது. நூற்றுக்கணக்கான விமானங்கள் நாடெங்கும் சிதறி நிற்பதாலும், பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 இருப்பதாலும், பக்கத்து ஊரில் நிற்கும் விமானத்தை அனுப்பிவிட்டு, காலியாக வந்த செலவை உறுப்பினரிடம் தனியாகக் கேட்காமல் இருக்க அங்குள்ள பெரிய நிறுவனங்களால் முடிகிறது. அந்தச் சலுகைதான் ஜெட் கார்டின் உயிர்நாடி.

இங்கு நிலைமை வேறு. இந்தியாவின் வாடகை விமானங்களில் பெரும்பகுதி டெல்லியிலும் மும்பையிலும் நிற்கின்றன. பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன. கொங்கு மண்டலத்தில் விமானம் இறங்கும் இடமாகப் பீளமேடும், சேலத்துக்கு அருகே காமலாபுரமும் மட்டுமே உள்ளன. ஆகவே கோவையில் ஏறும் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு காலிப் பயணம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தொழிலில் இதை ஃபெர்ரி என்பார்கள்.

ஒரு நாள் பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். திருப்பூர் நிறுவனம் ஒன்றிலிருந்து நான்கு பேர் காலையில் மும்பை சென்று மாலையில் திரும்ப வேண்டும். விமானம் மும்பையில் நிற்கிறது. கோவைக்கும் மும்பைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் என்பதால் சிறிய ஜெட்டுக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கட்டணம் மணிக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். காலியாக வருவது, ஆட்களோடு செல்வது, ஆட்களோடு திரும்புவது, காலியாகப் போவது என நான்கு பறப்புகள் சேர்ந்து ஆறு மணி நேரம். 15 லட்சம் ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2.7 லட்சத்தைச் சேர்த்தால் 17.7 லட்சம். நான்கு பேரும் விமானத்தில் அமர்ந்திருந்த நேரம் மூன்று மணி மட்டுமே என்பதால், உண்மையான விலை மணிக்கு 5.9 லட்சம் ஆகிறது. உறுப்பினருக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்றால் மொத்தம் 15.93 லட்சமாகக் குறையும்.

அதே நாளில், உறுப்பினர் கட்டணம் எதுவும் இல்லாமல், பெங்களூருவில் நிற்கும் அதே வகை விமானம் ஒன்றைத் தரகர் பிடித்துத் தருகிறார் என்று கொள்வோம். பெங்களூருவிலிருந்து கோவைக்குப் பறக்கும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவுதான். ஆனாலும் ஒரு வழிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் என்றே விமானத்தை இயக்கும் ஆப்பரேட்டர் கணக்கிடுகிறார் என்று வைத்தாலும், மொத்தம் ஐந்து மணி நேரம், 12.5 லட்சம், வரியோடு 14.75 லட்சம். தள்ளுபடி பெற்ற உறுப்பினர் கட்டியதைவிட இது ஒரு லட்சத்துக்கும் மேல் குறைவு. இறங்கு கட்டணம், நிறுத்தக் கட்டணம், விமானிகள் இரவு தங்கினால் அதற்கான செலவு ஆகியவை இரண்டு பக்கமும் தனியே சேரும். எனவே ஒப்பந்தத்தில் தள்ளுபடி விழுக்காட்டைத் தேடுவதற்கு முன் ஃபெர்ரி குறித்த விதியைத் தேட வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் ஃபெர்ரி முழுவதும் உங்கள் தலையில் விழும் என்றே பொருள் கொள்ளலாம்.

இதனோடு ஒட்டிய சிறு விதிகள் சில உண்டு. சக்கரம் தரையில் உருளும் நேரத்துக்காக ஒவ்வொரு பறப்பிலும் 12 நிமிடங்களைச் சேர்த்துக் கணக்கிடுவது ஜெட் கார்டுகளில் வழக்கம். டெல்லிக்குப் பறக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. பெங்களூருவுக்கோ சென்னைக்கோ அடிக்கடி பறப்பவரின் மணிக்கணக்கில் அது கணிசமான பங்கை விழுங்கிவிடும். நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் என்ற விதியும் அப்படியே.

அடுத்த தவறு, இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயரால் வாங்குவது. விமானம் கிடைப்பதற்கே உத்தரவாதம் தரும் திட்டம் ஒன்று. விமானம் கிடைத்தால் கட்டணத்தில் சலுகை தரும் திட்டம் மற்றொன்று. முன்னதில் பத்து மணி நேரம் அல்லது ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் விமானம் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் நிறுவனம் தன் செலவில் மாற்று விமானம் தர வேண்டும். பின்னது தரகரின் வாடிக்கையாளர் பட்டியலில் இடம்பிடிப்பதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. விளக்கக் கையேட்டின் மொழி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். "கிடைக்கும் நிலைக்கு உட்பட்டது" என்ற தொடர் ஒப்பந்தத்தில் எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இரண்டாம் வகை, முன்பணம் எவ்வளவு கேட்டாலும் சரி.

உத்தரவாதம் உள்ள திட்டங்களிலும் நெரிசல் நாள்கள் என்றொரு பட்டியல் இணைப்பாக இருக்கும். அந்த நாள்களில் முன்னறிவிப்பு நேரம் கூடும், கட்டணம் கூடும், நிறுவனம் உங்கள் புறப்பாட்டைச் சில மணி நேரம் முன்பின் நகர்த்தலாம். அந்தப் பட்டியலை நம் வீட்டு நாள்காட்டியோடு வைத்துப் பார்க்க வேண்டும். தையிலும் ஆவணியிலும் வரும் பெரிய முகூர்த்த நாள்கள், தீபாவளியை ஒட்டிய வாரம், ஆண்டிறுதி ஆகியவற்றில்தான் இங்குள்ள குடும்பங்களுக்கு விமானம் தேவைப்படும். அப்போதுதான் நாடெங்கும் மற்றவர்களுக்கும் தேவைப்படும். தேர்தல் காலத்தில் அரசியல் கட்சிகள் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் வாரக்கணக்கில் மொத்தமாகப் பிடித்து வைப்பதால், சலுகைத் திட்ட உறுப்பினருக்கு அப்போது சலுகை விலையும் இராது, விமானமும் இராது.

முன்பணம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 50 லட்சம் ரூபாய் வைப்பாகக் கேட்கும் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், வங்கிக் கடனில் ஓடும் நிறுவனத்துக்கு அந்தத் தொகைக்கான வட்டி பத்து விழுக்காட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ஆகும். மேலே கண்ட மும்பைப் பயணத்தில் தள்ளுபடியால் மிஞ்சுவது 1.77 லட்சம். பயணத்துக்குப் பயணம் வைப்புத் தொகை கரையும் என்றாலும், பணத்தைப் போட்டுவிட்டு ஆண்டில் ஒன்றிரண்டு முறை மட்டும் பறப்பவர் வட்டியில் இழப்பதைத் தள்ளுபடியில் மீட்க முடியாது. பேக்கிங் கிரெடிட் எனும் ஏற்றுமதிக்கு முந்தைய வங்கிக் கடனின் வட்டியைக் கால் விழுக்காடு குறைக்க வங்கியோடு மல்லுக்கட்டும் நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் போடாமல் விடுவது விந்தைதான்.

வட்டியைவிடப் பெரிய கேள்வி, அந்தப் பணம் யாருடைய கணக்கில் கிடக்கிறது என்பது. பெரும்பாலான திட்டங்களில் உறுப்பினரின் முன்பணம் தனிக் காப்புக் கணக்கில் வைக்கப்படுவதில்லை. எரிபொருளுக்கும் சம்பளத்துக்கும் செலவாகும் பொதுக் கணக்கில்தான் சேர்கிறது. அமெரிக்காவில் ஜெட்ஸூட் நிறுவனம் 2020 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் ஈடு எதுவும் பெறாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 2021-இல் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்த வீல்ஸ் அப் நிறுவனம் இரண்டே ஆண்டுகளில் பணமுடைக்கு ஆளாகி, டெல்டா விமான நிறுவனமும் பிறரும் சேர்ந்து 50 கோடி டாலர் தர முன்வந்ததால் 2023-இல் பிழைத்தது. அங்கே நடந்தவை மோசடிகள் அல்ல, தொழில் நட்டங்கள். ஆனால் பணம் கட்டியவருக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும் என்பதை, 2012-இல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழித் திட்டங்கள் சரிந்ததைக் கண்ட வட்டாரத்துக்கு விளக்க வேண்டியதில்லை. காப்புக் கணக்கு தர மறுத்தால் வைப்பைக் குறைத்து, இரண்டு மூன்று பயணங்களுக்கு மட்டும் போதுமான தொகையாகப் பேசி முடிக்கலாம். பயன்படுத்தாத மணி நேரம் எப்போது காலாவதியாகும், நிறுவனம் கைமாறினால் அது செல்லுமா, மீதித் தொகை பணமாகத் திரும்புமா, அடுத்த பயணத்துக்கான வரவாக மட்டும் நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

எந்த விமானம், யாருடைய அனுமதியில் பறக்கிறது என்பதைக் கேட்காமல் விடுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. இந்தியாவில் ஆட்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்ல, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கும் அனுமதி வேண்டும். அட்டவணையில்லாச் சேவைக்கான இந்த அனுமதி தொழிலில் என்எஸ்ஓபி என்ற பெயரில் வழங்குகிறது. ஒரு தொழிலதிபர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவு செய்த விமானத்தை வாடகைக்கு விடக் கூடாது. அப்படி மலிவாகக் கிடைக்கும் விமானம் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு. உறுப்பினர் திட்டத்தை விற்கும் நிறுவனம் பெரும்பாலும் தரகர் மட்டுமே என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் ஆப்பரேட்டரின் பெயர், VT என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவெண், அந்த எண் அனுமதியில் இடம்பெற்றிருப்பதற்கான நகல், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை டிஜிசிஏ தன் இணையதளத்திலேயே வெளியிடுகிறது.

வெளிநாட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் உள்நாட்டிலும் பயன்படும் என்று எண்ணுவது வீண். 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு, தன் நாட்டுக்குள் இரு ஊர்களுக்கிடையே பிறநாட்டு விமானம் கட்டணத்துக்கு ஆட்களை ஏற்றுவதை மறுக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. எனவே மால்டாவில் பதிவான விஸ்டாஜெட் என்ற தனி ஜெட் நிறுவனத்தின் விமானம் கோவையிலிருந்து லண்டனுக்கு உங்களை அழைத்துச் செல்லலாம். மும்பையில் இறக்கிவிட முடியாது. தனிநபர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணஅனுப்புத் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை 2.5 லட்சம் டாலர் மட்டுமே என்பதையும், பெரிய அமெரிக்க நிறுவனங்களின் 25 மணி நேர அட்டை 2 லட்சம் டாலரைத் தாண்டுவது வழக்கம் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையங்களின் வரம்பு சுருக்கமாகச் சொல்லக்கூடியது. சேலத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமே. நாமக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் அது அருகில் என்பதற்காக எல்லா ஜெட்டும் அங்கே இறங்கும் என்று நம்பி ஒப்பந்தம் போடக் கூடாது. மும்பையில் நெரிசல் நேரங்களில் தனி விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டரைக்கு இறங்கலாம் என்ற திட்டம் அங்கே நடக்காது.

அப்படியானால் யாருக்குத்தான் இது தகும்? ஆண்டுக்கு 25 மணி நேரத்துக்குக் குறைவாகப் பறப்பவர் அவ்வப்போது வாடகைக்கு எடுப்பதும், 25 முதல் 50 மணி நேரம் வரை பறப்பவர் ஜெட் கார்டு வாங்குவதும், அதற்கு மேல் பறப்பவர் பங்குரிமையை யோசிப்பதும் அமெரிக்கத் தொழில் வட்டாரத்தின் பழைய கணக்கு. அதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. கோவையிலிருந்து சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஊர்களுக்கு நேரடி விமானங்கள் உள்ளன; சென்னைக்கு 2023 ஏப்ரல் முதல் வந்தே பாரத் ரயிலும் ஆறு மணி நேரத்தில் ஓடுகிறது. இந்த ஊர்களுக்கான பயணங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மீதியை எண்ண வேண்டும். ராஜ்கோட்டில் ஒரு பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப வேண்டிய நான்கு பேருக்கும், வெளிநாட்டு வாடிக்கையாளரை ஒரே நாளில் மூன்று ஊர்களுக்கு அழைத்துச் செல்ல வேண்டியவருக்கும் தனி விமானம் பொருளுள்ள செலவுதான். அத்தகைய பயணம் மாதம் ஒன்றுகூட இல்லாத நிறுவனம் எந்த உறுப்பினர் திட்டத்திலும் சேரத் தேவையில்லை என்பது என் கருத்து. தேவைப்படும் அன்று மூன்று தரகர்களிடம் விலை கேட்டு, பெங்களூருவில் நிற்கும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சேருவதென்று முடிவானால், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் நகல் ஆடிட்டரின் மேசைக்குப் போக வேண்டும். 18 விழுக்காடு ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்துவிடலாம் என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு, விமானத்தை வாடகைக்கு எடுப்பதற்கான வரி வரவைச் சில விதிவிலக்குகள் தவிர மறுக்கிறது. உங்கள் பில் விமான வாடகையாக எழுதப்படுகிறதா, பயணிகள் போக்குவரத்துச் சேவையாக எழுதப்படுகிறதா என்பதைப் பொறுத்து வாதம் மாறலாம். வரவே கிடைக்காத வரிக்கு ஏற்றுமதியாளர் ரீஃபண்டும் கோர முடியாது. வார இறுதியில் குடும்பத்தோடு போன பயணம் நிறுவனக் கணக்கில் ஏறினால் வருமான வரியில் அது இயக்குநருக்குக் கிடைத்த சலுகையாகக் கருதப்படும் என்பதால், யார், எதற்காகப் பறந்தார்கள் என்ற பதிவேட்டை முதல் பயணத்திலிருந்தே அலுவலகத்தில் வைத்துவர வேண்டும்.