பேனல் பிசியா, தனித் திரையா: பட்டறைக்கு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் பீன்யா, பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளில், இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு திரை வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் மற்ற எல்லா ஆர்டர்களும் போன பிறகுதான் எடுக்கப்படுகிறது. அப்போது இருக்கும் வழிகள் இரண்டு. கணினியும் தொடுதிரையும் ஒரே பெட்டியில் அடங்கிய பேனல் பிசி ஒன்று. திரையை மட்டும் வெளியே வைத்துவிட்டு, கணினியை பாக்ஸ் பிசியாக, அதாவது திரையில்லாத சிறு பெட்டியாக, இயந்திரத்தின் மின்சாதனங்கள் இருக்கும் கன்ட்ரோல் பேனல் பெட்டிக்குள் தனியே பொருத்துவது மற்றொன்று. இரண்டில் எது மலிவு என்று முதலில் கேட்பதே பெரிய தவறு. கொட்டேஷனில் பேனல் பிசி ஒரே வரியில் முடிந்துவிடுவதால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்; எது முதலில் பழுதாகும், அது பழுதாகும் இரவில் இரண்டாம் ஷிப்டில் இருப்பவர் அதை என்ன செய்வார் என்பது எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது.

தொழிற்கூடத்தில் கணினியை விட அதிகம் அடிபடுவது திரைதான். ஸ்பேனர் பிடித்த கையாலேயே ஆபரேட்டர் கண்ணாடியைத் தட்டுவார். எண்ணெய் படிந்த துணியால் துடைப்பார். எல்இடி பின்னொளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 50,000 மணி நேரம் என்பது வெளிச்சம் பாதியாகக் குறைவதற்கான கணக்கு. மூன்று ஷிப்டும் அணையாமல் எரிந்தால் அது ஆறு ஆண்டுகளுக்கும் குறைவு. பேனல் பிசியில் கண்ணாடி உடைந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் அதோடு சேர்ந்து பழுதுபார்க்கப் போய்விடும். நான் பார்த்துக்கொண்ட ஒரு பட்டறையில் இதுவே நடந்தது. திரையின் மூலை விரிசல் விட்டதற்காகப் பெட்டி மூன்று வாரம் வெளியே இருந்தது. மாற்றுப் பெட்டி கிடைத்தும், இயந்திரங்களைக் கண்காணிக்கும் ஸ்காடா மென்பொருளின் உரிமம் பழைய வன்பொருளோடு கட்டப்பட்டிருந்ததால் அதில் ஓடவில்லை. மூன்று வாரமும் உற்பத்திக் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. திரை தனியாக இருந்திருந்தால், அலுவலகத்தில் இருந்த சாதாரண மானிட்டரையே மௌஸோடு தற்காலிகமாகச் செருகியிருக்கலாம்.

இப்படி ஒருமுறை சூடு பட்டவர்கள் அடுத்த முறை எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிவிட்டு, கேபிளை மறந்துவிடுகிறார்கள். யூஎஸ்பி 2.0 கேபிளின் வரையறுக்கப்பட்ட நீளம் ஐந்து மீட்டர். தொடுதிரையின் தொடுகை போவது அந்த வழியில்தான். சாதாரண செம்பு ஹெச்டிஎம்ஐ கேபிளை பத்து, பதினைந்து மீட்டருக்கு இழுத்தால் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கலாம். போதாக்குறைக்கு, வழக்கமான ஹெச்டிஎம்ஐ இணைப்பியில் பூட்டும் திருகு இல்லாததால், பிரஸ் அதிரும் இடத்தில் அது மெல்ல நழுவும். மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் மின்கேபிளோடு ஒரே டிரேயில் இதையும் படுக்க வைத்தால், தொடுதிரை ஏன் இடையிடையே செத்துப் பிழைக்கிறது என்று மாதக்கணக்கில் தேட வேண்டியிருக்கும். கன்ட்ரோல் பேனல் தொலைவில் இருந்தால், நெட்வொர்க் கேபிள் வழியாக நூறு மீட்டர் வரை கொண்டுசெல்லும் எக்ஸ்டென்டரின் விலையையும் சேர்த்துத்தான் தனித் திரையின் விலையைக் கணக்கிட வேண்டும். அந்தக் கூட்டலைச் செய்த பிறகு பேனல் பிசியே நியாயமாகத் தோன்றினால் அதையே வாங்கலாம். ஆனால் மென்பொருள் ஏற்றி, அமைப்பு முடித்து, உரிமமும் பெற்ற இன்னொரு பெட்டி அலமாரியில் இருக்க வேண்டும்.

தூசியையும் நீரையும் தடுக்கும் தரத்தைச் சொல்லும் ஐபி65 என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு முழுப் பெட்டிக்கும் காப்பு இருப்பதாக நம்புவது அடுத்த தவறு. முதல் எண்ணான 6 தூசி அறவே புகாது என்பதையும், 5 எல்லாத் திசையிலிருந்தும் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதையும் குறிக்கும். ஆனால் பல பேனல் பிசிகளிலும் திரைகளிலும் இந்தத் தரம் முன்முகத்துக்கு மட்டுமே உண்டு. பின்புறம் திறந்த இணைப்பிகள்தான். தகட்டில் துளை வெட்டிச் சுற்றிலும் ரப்பர் அழுந்தப் பொருத்தினால் இது போதும். அதே பெட்டியைக் கைபோல் நீளும் தாங்கியில் தொங்கவிட்டால், வார்ப்பிரும்பை அரைக்கும் தூசி, மின்கடத்தும் தூசி என்பதால், பின்வழியே போய் மதர்போர்டில் படிந்து அதைக் கொன்றுவிடும். தனித் திரையிலும் தூசி புகும்தான். என்றாலும் நட்டம் திரையோடு நின்றுவிடும். உணவு, மருந்து ஆலைகளில் சூடான நீரை உயர் அழுத்தத்தில் அடித்துக் கழுவுகிறார்கள் என்றால் ஐபி65 அங்கே போதாது. ஐபி69 தரத்தில் முழுமையாக மூடப்பட்ட பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

தொடுதிரையின் வகையைக் கேட்காமல் வாங்குவதும் இதைச் சேர்ந்ததுதான். கைபேசியில் உள்ளது போன்ற கபாசிட்டிவ் திரையில், வெட்டும் கருவியைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் துளி விழுந்தால், அதை விரல் என்று திரை எடுத்துக்கொள்ளக்கூடும். “யாருமே தொடலை சார், அதுவா அமுக்கிக்குது” என்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவர் என்னிடம் சொன்னபோது, அவர் கையுறையோடு அழுத்தியிருப்பார் என்று நான் சந்தேகப்பட்டது என் பிழை. அழுத்தத்தை உணரும் ரெசிஸ்டிவ் திரை இங்கே தடுமாறாது. கீறல்தான் அதற்கு எதிரி.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பெங்களூரு குளிர்ந்த ஊர் என்ற எண்ணமே ஏமாற்றுகிறது. கணினிக்குச் சொல்லப்படும் ஐம்பது டிகிரி வரம்பு அதைச் சூழ்ந்த காற்றுக்கானது, தெருவின் வெப்பநிலைக்கானது அல்ல. தகரக் கூரையின் கீழ், இரண்டு விஎஃப்டிகளோடு பூட்டிய பெட்டிக்குள் பாக்ஸ் பிசியை அடைத்தால் அந்த வரம்பு எளிதில் நெருங்கிவிடும். பேனல் பிசிக்கும் இதே தொல்லை வேறு வடிவில் உண்டு: விசிறி இல்லாத அதன் முதுகுத் தகடுதான் வெப்பத்தை வெளியேற்றுகிறது, அதைச் சுவரோடு ஒட்டிவைத்தால் புராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேமரா வைத்துப் பாகங்களைச் சோதிக்கும் கனமான வேலை என்றால், காற்றோட்டமுள்ள பெட்டியில் தனிக் கணினி வைப்பதே சரி.

கடைசியாக, இயங்குதளத்தின் ஆயுள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் தொழில்துறைக் கருவிகளுக்கான விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. பெட்டியின் மேல் விண்டோஸ் 10 என்று மட்டும் எழுதியிருந்தால், இரண்டில் எது என்று ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய புராசசர் கொண்ட பேனல் பிசியில் விண்டோஸ் 11 ஏறாமல் போனால் திரையும் சேர்ந்து கழிவாகும். தனி ஏற்பாட்டில் பாக்ஸ் பிசியை மட்டும் மாற்றினால் வேலை நடக்கும்.