ஏர் ரைபிளின் முன்கட்டை: அளந்து பார்த்துத் தேர்வு செய்யும் முறை

10 மீட்டர் ஏர் ரைபிள் வாங்க நினைப்பவர்கள் பேரலையும் டிரிகரையும் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். இடது கை தாங்கிப் பிடிக்கும் முன்கட்டையை, கடையில் ஃபோர்எண்ட் என்று சொல்லும் பகுதியை, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டு சுட வேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. நான்கரை, ஐந்து கிலோ ரைபிளை அத்தனை நேரமும் கைத்தசையால் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. எலும்புதான் தாங்க வேண்டும். முன்கட்டையின் உயரமும் அகலமும் சரியாக இருந்தால்தான் அது நடக்கும்.

கீழே உள்ளது வலது கைக்காரர்களுக்கான முறை. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ரைபிள் இல்லாமல் அளப்பது

ஷூட்டிங் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும். சட்டையோடு அளந்தால், ஜாக்கெட் போட்டதும் முழங்கை உட்காரும் இடம் மாறிவிடும்.

இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். சுவரில் அந்த உயரத்தில் ஒரு குறி வையுங்கள். இடது தோள் குறியைப் பார்க்க, பக்கவாட்டில் நில்லுங்கள். மேலுடம்பைச் சற்றே பின்னால் சாய்த்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றுங்கள். மணிக்கட்டு மடங்காமல் கையை முட்டியாகப் பிடியுங்கள். கழுத்தைக் குனியாமல் தலையை மட்டும் இலக்கின் பக்கம் திருப்புங்கள். இப்போது முட்டியின் மேற்பரப்பிலிருந்து கண்ணின் கருவிழி மட்டம் வரை வேறொருவர் ஸ்கேலால் அளக்கட்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

உதாரணமாக 190 மி.மீ. வந்தது என்று வைப்போம். ரைபிளில் டயாப்டர் (கண்ணருகே சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பின் சைட்) வழியாகப் பார்க்கும் கோட்டுக்கும் பேரலின் மையத்துக்கும் உள்ள தூரம் 55 மி.மீ. என்றால் மிச்சம் 135. பேரல் மையத்திலிருந்து முன்கட்டையின் அடிப்பரப்பு அவ்வளவு கீழே இருக்க வேண்டும். ஆனால் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) விதி அனுமதிப்பது 120 மி.மீ.தான். இந்த 15 மி.மீ. பற்றாக்குறையைக் கழுத்தைக் குனிந்து சமாளிக்கப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். அப்படிச் சுட்டால் பாதிப் போட்டியில் பிடரி இறுகி, கண்ணும் சீக்கிரம் களைத்துவிடும். கையின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால், விதிக்குட்பட்ட அளவில் முன்னும் பின்னும் சைட்டை ஒரே அளவுக்கு உயர்த்தி, கன்னம் பதியும் சீக் பீஸையும் அதே அளவு ஏற்றுங்கள்.

கை வடிவமும் அகலமும்

ரைபிள் முட்டியின் மேல் உட்காரலாம், விரித்த உள்ளங்கையில் உட்காரலாம், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவிலான கவையில் உட்காரலாம். கையும் உடலும் நீளமாக உள்ளவருக்கும் குட்டையாக உள்ளவருக்கும் ஒரே வடிவம் ஒத்துவராது. கவையில் தாங்கினால் முட்டியைவிட ரைபிள் உயரும். மேலே சொன்ன பற்றாக்குறைக்கு அது உதவும்.

ஒல்லியான முன்கட்டை பார்க்க அழகாக இருக்கும், சின்னக் கைக்கு வசதியாகவும் தோன்றும். கவையில் தாங்குபவர்களுக்கு அது நிஜமாகவே நல்லது. முட்டியில் தாங்குபவர்களுக்கு ஆகாது. அடிப்பரப்பு குறுகினால் ரைபிள் இடமும் வலமும் உருளும். உருளாமல் இருக்க விரல்கள் தாமாகவே இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் நாடித்துடிப்பும் தசை நடுக்கமும் நேராகக் குறிக்குப் போய்ச் சேரும். எனவே புதிதாகப் பழகுபவர் தட்டையான அடியுள்ள, 45 முதல் 55 மி.மீ. அகலமுள்ள கட்டையில் தொடங்குவதே நல்லது. உச்ச வரம்பு 60 மி.மீ.

பேரலைத் தொடுகிறதா: காகிதச் சோதனை

நல்ல மேட்ச் ரைபிளில் பேரல் பின்முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டு, மற்ற இடமெல்லாம் காற்றில் நிற்கும். குண்டு வெளியேறும்போது பேரல் நுண்ணியதாக அதிர்கிறது. ஏதாவது ஒன்று அதைத் தொட்டுக்கொண்டிருந்தால், கை அழுத்தம் மாறும்போதெல்லாம் அதிர்வும் மாறி, குண்டு விழும் இடமும் நகரும். பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைபிளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

ரைபிளில் குண்டு இல்லை என்று உறுதி செய்து, பேரலுக்குள் பாதுகாப்புக் கயிறு செருகி, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி வையுங்கள். சாதாரண ஜெராக்ஸ் காகிதத்தில் விரலகலக் கீற்று வெட்டி, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, முனையிலிருந்து பின்பக்கம் வரை இழுங்கள். பேரலுக்கும் காற்று அடைக்கும் சிலிண்டருக்கும் நடுவிலும் இதே போல் இழுத்துப் பாருங்கள். சிலிண்டரில் காற்று நிரம்பியிருக்கும்போதே சோதியுங்கள். 200 பார் அழுத்தத்தில் சிலிண்டர் மயிரிழை அளவு விரியும். காலியாக இருக்கும்போது தொடாதது, நிரப்பியதும் தொடலாம்.

பெரும்பாலும் சிக்கலைக் கொண்டுவருவது திருகுதான். முன்கட்டையின் அடியிலுள்ள ரெயிலில் (நீளப் பள்ளத்தில்) ரைசரை, அதாவது உயரம் கூட்டும் கட்டியை, மாட்டும்போது எம்6 திருகு நீளமாக இருந்தால், நட்டைத் தாண்டி மேலே முட்டி, கட்டையைத் தூக்கும். திருகின் முனை நட்டோடு சமமாக நிற்கட்டும். 5 மி.மீ. ஆலன் கீயின் நீளக் காலைத் திருகில் பொருத்தி, குட்டைக் காலை இரண்டு விரலால் திருப்பும் இறுக்கம் போதும்.

ரைசர் செய்ய வேண்டியிருந்தால்

சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. வரைபடம் கொடுத்தால் மில்லிங் செய்து தந்துவிடுவார்கள். எடையை முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். 80 மி.மீ. நீளம், 60 அகலம், 30 கனத்தில் அலுமினியக் கட்டி கிட்டத்தட்ட 390 கிராம் வரும். அதே அளவு தேக்கு சுமார் 95 கிராம்தான். ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அலுமினியம்தான் வேண்டுமென்றால் உள்ளே குடைந்து எடுக்கச் சொல்லுங்கள். ஓரங்களை 2 மி.மீ. ஆரத்தில் மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கையுறை மேலேயே விளிம்பு உறுத்தும்.

சுட்டுப் பார்ப்பது

ரைபிளை ஏற்றி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். சைட் குறிக்கு மேலேயோ கீழேயோ நின்றால் ரைசரையோ கையின் இடத்தையோ மாற்றுங்கள். இடமோ வலமோ விலகினால் கட்டையில் கை வைக்காதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். பிறகு ஐந்து குண்டு வீதம் நான்கு குரூப் (குண்டுகள் விழும் கொத்து) சுடுங்கள். குரூப் மேலும் கீழுமாக நீண்டால் முதலில் உயரத்தையும் மூச்சையும் சந்தேகிக்கலாம். சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்கக் குரூப் ஒரே திசையில் நகர்ந்தால், காகிதக் கீற்றை மறுபடி எடுங்கள்.

மரக்கட்டை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலத்தின் வறண்ட வெயிலிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டின் மழைக்கால ஈரத்துக்கு ரைபிளைக் கொண்டுபோனால் மரம் உப்பும். ஓரிரு நாள் கழித்துக் காகிதச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குளிரிலிருந்து கீழே கொண்டுவந்த ரைபிளைப் பெட்டியை மூடியபடியே சிறிது நேரம் விட்டுவைத்தால் உலோகத்தில் நீர் கோக்காது.

வளரும் பிள்ளைகளுக்கு ரெயிலும் கழற்றி மாட்டும் ரைசரும் உள்ள மாடலையே வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்–முட்டி அளவைத் திரும்ப எடுத்து, மி.மீ. கணக்கில் தேதியோடு எழுதி வையுங்கள்.