மீட்டிங் திக்கினால் நெட்டைத் திட்டாதீங்க

கோபியில் உட்கார்ந்துகொண்டு மும்பையில் இருக்கும் சர்வரில் விர்ச்சுவல் டெஸ்க்டாப் திறந்து வேலை பார்க்கிறேன், அதாவது கம்ப்யூட்டர் அங்கே ஓடும், அதன் திரை மட்டும் என் லேப்டாப்பில் தெரியும். எக்ஸெல், மெயில் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடும். காலை மீட்டிங்கில் வீடியோவை ஆன் பண்ணினால் போதும், வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். உடனே நெட் பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு ஏற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

கோளாறு வேகத்தில் இல்லை, வீடியோ போகிற வழியில். கேமராப் படம் வீட்டிலிருந்து சர்வருக்குப் போய், அங்கே ஓடும் டீம்ஸ் என்கிற மீட்டிங் ஆப் வழியாக மீட்டிங்குக்குப் போகிறது. எதிரில் பேசுபவர் படமும் அந்தச் சர்வரில் விரிந்து, திரும்பச் சுருங்கி நம்மிடம் வருகிறது. பொள்ளாச்சித் தோப்பில் பறித்த தேங்காயைக் கோயம்பேட்டுக்கு லாரி ஏற்றி, அங்கே போய் வாங்கி வந்து சட்னி அரைக்கிற கதைதான். அந்தச் சர்வரின் சிபியுவைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்பதால், எல்லாரும் மீட்டிங்கில் இருக்கிற நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

இதற்குத்தான் மீடியா ஆப்டிமைசேஷன் இருக்கிறது. மீட்டிங் ஜன்னல் மட்டும் சர்வரில். படமும் குரலும் நம் லேப்டாப்பிலிருந்து நேராகப் போய்விடும். டீம்ஸ் செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதியைத் திறந்தால் 'மீடியா ஆப்டிமைஸ்டு' என்று காட்ட வேண்டும். காட்டவில்லையா, பெரும்பாலும் நம் லேப்டாப்பில் இருக்கும் பிளக்-இன், அதாவது இந்த வசதிக்கான துணை மென்பொருள், பழசாகியிருக்கும். ஜூமிலும் இப்படித்தான், சர்வரில் இருப்பதை அப்டேட் பண்ணிவிட்டு வீட்டு லேப்டாப்பில் இருப்பதை மறந்துவிடுவார்கள். மீட்டிங்கை விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் பிரவுசரில் திறப்பதும் இதே தப்புதான், பெரும்பாலும் அங்கே இந்த வசதி வேலை செய்யாது.

வெப்கேமை யுஎஸ்பியாக அப்படியே சர்வருக்குக் கடத்துவது அடுத்த தப்பு. ஆப்டிமைசேஷன் இருந்தும் கேமரா தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள், கேமராவும் ஹெட்செட்டும் லேப்டாப்பிடமே இருக்கட்டும்.

அப்புறம் விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் தனிச் சுரங்கவழி. ஆப்டிமைசேஷனைப் போட்டுவிட்டு, வீடியோவையும் விபிஎன்னுக்குள் தள்ளினால் பழைய சுற்றுவழிதான். வீடியோ மட்டும் விபிஎன்னுக்கு வெளியே நேராகப் போக ஸ்பிளிட் டனலிங் வேண்டும் என்று ஐடி ஆட்களிடம் கேளுங்கள். டீம்ஸுக்கு யுடிபி (தொலைந்த டேட்டாவுக்குக் காத்திராமல் அனுப்பும் முறை) 3478 முதல் 3481 வரையிலான போர்ட்டுகள், அதாவது டேட்டா போய்வரும் வாசல்கள், திறந்திருக்க வேண்டும். அடைத்திருந்தால் டிசிபி என்கிற முறைக்கு மாறிவிடும், அது தொலைந்த பாக்கெட்டுக்குக் (டேட்டாத் துண்டுக்கு) காத்திருந்து காத்திருந்து பேச்சைத் திக்கவைக்கும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5க்கு மாறுவது, முடிந்தால் கேபிள் குத்துவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் ஒன்று, ஆப்டிமைசேஷன் வந்ததும் சுமை முழுக்க நம் லேப்டாப் தலையில் ஏறும். பழைய மெஷினில் பேக்கிரவுண்ட் பிளரையும் போட்டுக்கொண்டு ஃபேன் கத்துகிறது என்றால் எப்படிங்க?

ஐடி ஆட்களுக்கு டிக்கெட் போடும்போது 'நெட் ஸ்லோ' என்று எழுதாதீர்கள், ஸ்பீட் டெஸ்ட் படத்தைக் கேட்டுவிட்டு மூடிவிடுவார்கள். அபௌட் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பிளக்-இன் வெர்ஷன், விபிஎன் ஓடியதா இல்லையா, இந்த மூன்றையும் முதல் வரியிலேயே போடுங்கள்.