நகர, சுற்றுச்சூழல் திட்டமிடல் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திட்டமிடல் மாணவர்கள் செய்யும் தவறுகள் பார்வைக்கு வெவ்வேறாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: தீர்வை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் தரவைப் பிறகு தேடுவது. ஸ்டுடியோவில் (திட்டம் தயாரிக்கும் செய்முறை வகுப்பில்) ஆய்வுப் பகுதி கைக்கு வந்த முதல் வாரமே பூங்காவும் மேம்பாலமும் தாளில் ஏறிவிடும். அதன்பின் நடக்கும் கணக்கெடுப்பெல்லாம் அந்தப் பூங்காவை நியாயப்படுத்தத்தான். ஜூரியில், அதாவது திட்டத்தை மதிப்பிடும் குழுவின் முன், "ஏன் இந்த இடம்?" என்று கேட்டவுடனே அது வெளிப்பட்டுவிடும்.

சேரும்போதே நடக்கும் தவறு, இதைப் பெரிய அளவிலான கட்டடக்கலை என்று நினைப்பது. இங்கே வரைவதைவிட வாசிப்பதும் கணக்குப் போடுவதும் எழுதுவதும் அதிகம். புள்ளியியல், நிலப் பொருளாதாரம், திட்டமிடல் சட்டம், நீரியல், சூழலியல், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை) ஆகியவை எத்தனை பருவங்களில் வருகின்றன என்று பாடத்திட்டத்தில் பாருங்கள். பட்டத்துக்குத் தொழில்முறை அங்கீகாரம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கட்டடக்கலையிலிருந்து வருபவர்கள் புள்ளியியலைத் தள்ளிப்போடுவார்கள். பொறியியலிலிருந்து வருபவர்கள் சட்டத்தையும் சமூகவியலையும் லேசாக எடுத்துக்கொள்வார்கள். புவியியலிலிருந்து வருபவர்கள் வரைபடத்தோடு நின்று, முன்மொழிவு எழுதத் தயங்குவார்கள். எது பலவீனமோ அதை முதல் பருவத்திலேயே தொடங்குவது நல்லது.

களத்தில்

ஒரே நாள், காலை பத்து மணிக்கு மேல் கும்பலாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது கள ஆய்வு ஆகாது. ஒரே தெரு காலை எட்டு மணிக்கு ஒரு மாதிரியும், இரவு ஒன்பது மணிக்கு வேறு மாதிரியும் இருக்கும். வேலைநாள் காலை, மதியம், இரவு, வார இறுதி மாலை என்று குறைந்தது நான்கு முறை போக வேண்டும். நீர் சார்ந்த திட்டமென்றால் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஓரிரு மணி நேரத்துக்குள் இன்னொரு முறை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வடிகிறது என்பதை எந்த உயர வரைபடமும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

நிலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் அடிக்கடி சறுக்குவது மாடிகளில்தான். தரைத்தளத்தில் கடை இருந்தால் 'வணிகம்' என்று குறித்துவிடுகிறார்கள். மேலே மூன்று தளங்களில் குடும்பங்கள் இருப்பது விடுபட்டுப்போகிறது. படிவத்தில் தளத்துக்கு ஒரு கட்டம் வைத்தால் இது நடக்காது. குழுவில் ஒருவர் 'கலப்பு' என்று குறிப்பதை இன்னொருவர் 'வணிகம்' என்று குறிப்பதும் வழக்கம். அதனால் முதலில் இருபது மனைகளை எல்லோரும் தனித்தனியாகக் குறித்து, ஒப்பிட்டு, முரண்பட்ட இடங்களுக்கு விதி எழுதிக்கொண்ட பிறகே தெருக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

'காலி நிலம்' என்ற வகையில் கூடுதல் கவனம் தேவை. வேலியில்லாத நிலம் பெரும்பாலும் சும்மா கிடப்பதில்லை. மேய்ச்சல், விளையாட்டு, வண்டி நிறுத்தம், மழைநீர் நிற்கும் பள்ளம் என்று ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதைக் காலி என்று குறித்தவுடனேயே அங்கே கட்டடம் வருவது பாதி முடிவாகிவிடுகிறது. இந்த ஒரு கவனக்குறைவால் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வேறு இடமில்லாதவர்கள்.

கேள்வித்தாள் விஷயத்தில் 385 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு என்றால் வரும் எண் அது. ஆனால் சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரிக்கே அது பொருந்தும். பேருந்து நிறுத்தத்தில் பேச ஒப்புக்கொண்ட 385 பேர் அந்த நகரத்தின் மாதிரி அல்ல. வீட்டைவிட்டு வெளியே வராத முதியவரும் இரவுப்பணி செய்பவரும் அதில் இல்லை. சமவாய்ப்பில் எடுக்க முடியாவிட்டால், எப்படி எடுத்தோம், யார் விடுபட்டார்கள் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். அப்போது பிழை வரம்பைக் குறிப்பிடக் கூடாது.

வரைபடத்தில்

ஜிஐஎஸ்ஸில் மிக அதிகமாக நடக்கும் தவறு பரப்பளவில்தான். இணையத்தில் பின்னணி வரைபடங்கள் பெரும்பாலும் வெப் மெர்கேட்டர் என்ற வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறையில்) வருகின்றன. அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிக்கொண்டே போகும்: 45 பாகை அட்சரேகையில் இரண்டு மடங்கு, 60 பாகையில் நான்கு மடங்கு. அந்த வீழலில் ஏரியின் பரப்பைத் தட்டையாகக் கணக்கிட்டால் தவறான விடைதான் வரும். அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகளில் இருக்கும் லேயரில் (தரவு அடுக்கில்) நேரடியாக 500 மீட்டர் பஃபர் (சுற்றிலும் அந்தத் தூரத்துக்கு ஒரு வளையம்) போட முயல்வது இதன் இன்னொரு வடிவம். உங்கள் பகுதி எந்த யூடிஎம் (மீட்டரில் அளக்க உதவும் வீழல்) மண்டலத்தில் வருகிறது என்று பார்த்து, எல்லா லேயர்களையும் அதற்கு மாற்றிய பிறகே அளக்கத் தொடங்குங்கள். மாற்றியபின், களத்தில் டேப் வைத்து அளந்த ஒரு சாலையின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

தரவின் நுணுக்கத்துக்கு மீறிய கேள்வியைக் கேட்பதும் அப்படித்தான். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் பல பட்டைகளில் (ஒளி அலைநீளப் பிரிவுகளில்) ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம், அதாவது தரையில் 900 சதுர மீட்டர். 8 மீட்டர் அகல ஓடை அதில் தனியாகத் தெரியாது. சென்டினல்-2 படத்தின் நுணுக்கமான பட்டைகளிலும் ஒரு புள்ளி 10 மீட்டர். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் மர உச்சியும் கூரையும் கலந்திருக்கும். அதற்குப்பின் கொட்டிய மண்ணும் எழுந்த கட்டடமும் இருக்காது. ஒரு பேரூர்ப் பகுதியின் நீர்ப்பிடிப்பைப் பிரிக்க அது உதவும், ஒரு தெருவின் வடிகாலை வடிவமைக்க உதவாது.

பொருத்தமான இடம் தேடும்போது, சாய்வு, மண், சாலைத் தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு கொடுத்து, எடையால் பெருக்கிக் கூட்டுவது வழக்கம். அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து நான்கைந்து முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடம் முதலில் வந்தால், உங்கள் முடிவு தரவிலிருந்து வரவில்லை, எடையிலிருந்து வந்திருக்கிறது. மேலும், குப்பைக் கிடங்கு சதுப்புநிலத்தில் வரக் கூடாது என்பது போன்ற கட்டாய விதிகளை மதிப்பெண்ணாக மாற்றாதீர்கள். சாலை பக்கம் என்ற நல்ல மதிப்பெண் அந்தத் தடையை மூடிவிடும். அப்படிப்பட்ட இடங்களை முதலிலேயே வெட்டி நீக்கிவிட வேண்டும்.

கணக்கில்

அடர்த்தி என்று ஒரு எண்ணைச் சொல்லும்போது மொத்தமா, நிகரமா என்று சொல்லாமல் விடுவது எளிதில் திருத்தக்கூடிய தவறு, ஆனாலும் விடாமல் வருகிறது. 100 ஹெக்டேரில் 20,000 பேர் என்றால் மொத்த அடர்த்தி ஹெக்டேருக்கு 200. அதில் குடியிருப்பு மனைகள் 50 ஹெக்டேர்தான் என்றால் நிகர அடர்த்தி 400. ஒரு நகரின் மொத்த அடர்த்தியை இன்னொன்றின் நிகர அடர்த்தியோடு ஒப்பிட்டு எழுதிய அத்தியாயம் முழுவதும் வீண்தான்.

எஃப்எஸ்ஐ 2 என்றால் இரண்டு மாடி என்று புரிந்துகொள்வதும் உண்டு. அது மொத்தத் தளப்பரப்புக்கும் மனைப்பரப்புக்கும் உள்ள விகிதம். மனையில் 40 சதவீதத்தை மட்டும் மூடிக் கட்டினால் அதே எஃப்எஸ்ஐ 2-இல் ஐந்து தளங்கள் வரும். 80 சதவீதம் மூடினால் இரண்டரை. மழைநீர் இறங்க எவ்வளவு மண் மிஞ்சும் என்பது இரண்டிலும் வேறு. எந்தெந்தப் பரப்பு எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது என்பது விதிகளின் வரையறைப் பகுதியில் இருக்கும். அந்தப் பக்கங்களைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

மக்கள்தொகைக் கணிப்பில் முறை மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று பாருங்கள். இன்று 1,00,000 பேர், ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி, 20 ஆண்டுகள். தொடக்க அளவின் மீது மட்டும் கூட்டினால் 1,60,000. கூட்டு வளர்ச்சியில் சுமார் 1,80,600. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் தண்ணீர் என்றாலும் வித்தியாசம் தினமும் 20 லட்சம் லிட்டருக்கு மேல். சிறிய வார்டுக்கு ஒரே எண் கொடுக்காமல் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கொடுங்கள். முடிந்தால் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வை வயதுக்குழு வாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

மழைநீர்க் கணக்கில் மனை எல்லையை நீர்ப்பிடிப்பின் எல்லையாக எடுத்துக்கொள்வது பெரும்பிழை. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் வரைபடத்தில் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்த்து நிற்காது. எல்லையைச் சரியாக எடுத்தபின், சிறிய நீர்ப்பிடிப்புக்கு ஓட்டக் கெழு (பெய்யும் மழையில் எவ்வளவு பங்கு ஓடிவரும் என்ற எண்), மணிக்கு மில்லிமீட்டரில் மழைச்செறிவு, ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை கனமீட்டர் உச்ச ஓட்டம் என்று கிடைக்கும். 20 ஹெக்டேர், மணிக்கு 60 மி.மீ. மழை: நிலம் புல்வெளியாக இருந்து கெழு 0.3 என்றால் 1 கனமீட்டர். தளம் போட்டுக் கட்டியபின் 0.8 என்றால் சுமார் 2.7. இந்த முறையைப் பெரிய ஆற்றுப்படுகைக்குப் போட்டுவிடாதீர்கள். அங்கே மழையும் ஓட்ட நேரமும் இடத்துக்கு இடம் மாறும்.

'நூறாண்டு வெள்ளம்' நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். எந்த ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டுகள் அந்த வீட்டில் குடியிருப்பவர் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

மதிப்பீட்டிலும் முன்மொழிவிலும்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் மாற்று வழிகள் அத்தியாயத்தைக் கடைசியில், பெயருக்கு எழுதுகிறார்கள். 'திட்டமே வேண்டாம்' என்ற நிலை உட்பட மாற்றுகளை முதலிலேயே வைத்தால்தான் மற்ற அளவீடுகளுக்குப் பொருள் உண்டு. தாக்கத்தைக் கையாளும் வரிசை தவிர்த்தல், குறைத்தல், மீட்டல், கடைசியாக ஈடுசெய்தல். மாணவர் அறிக்கைகள் நேரே மரக்கன்று நடுவதற்குத் தாவுகின்றன. அது கடைசிப் படி. ஒரே பருவத்தில் எடுத்த நீர்த் தரத்தை ஆண்டு முழுவதுக்கும் பொருத்துவதும் கூடாது.

வேறு நகரின் தீர்வை அப்படியே எடுத்து ஒட்டுவது இன்னொன்று. பிரேசிலின் குரிட்டிபா நகரில் 1974-இல் தொடங்கிய பேருந்துத் தடம் வெற்றி பெற்றதற்கு, அந்தத் தடங்களை ஒட்டியே உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்த நிலப் பயன்பாட்டு விதிகளும் காரணம். சியோலில் நெடுஞ்சாலையை அகற்றி 2005-இல் திறந்த சொங்யேசொன் ஓடையைப் பலரும் இயற்கை மீட்பு என்று காட்டுகிறார்கள். அதில் ஓடும் நீரில் பெரும்பங்கு பம்பு வைத்து ஏற்றப்படுவது. நல்ல பொதுவெளிக்கு எடுத்துக்காட்டாகக் காட்டலாம், ஆற்றுச் சூழலியலுக்குக் காட்டினால் வாதம் நிற்காது.

மக்கள் பங்கேற்பு என்ற தலைப்பில் ஒரு கூட்டத்தின் புகைப்படம் போதாது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். தகவல் சொல்வது மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நான்காவது. மக்கள் சொன்னதால் திட்டத்தில் எது மாறியது என்று ஒரு அட்டவணை போடுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அந்தத் தலைப்பை எடுத்துவிடுங்கள்.

ஆய்வேட்டுக்கு 'நகரமயமாதலும் சுற்றுச்சூழலும்' போன்ற தலைப்பு ஒரு பருவத்தில் முடியாது. ஓர் இடம், ஒரு காலம், அளக்கக்கூடிய ஒரு மாற்றம் மூன்றும் தலைப்பில் தெரிய வேண்டும். தலைப்பு உறுதியான வாரமே அலுவலகத் தரவுக்கும் நெறிமுறை ஒப்புதலுக்கும் விண்ணப்பியுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். கிடைக்கும் கோப்பு ஒவ்வொன்றிலும் தந்தவர், நாள், வீழல் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள்.

சமர்ப்பிக்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும்: ஏ1 தாளில் 1:2000 என்று போட்ட வரைபடத்தை ஏ3-க்குச் சுருக்கி அச்சிட்டால் அது 1:4000 ஆகிவிடும், எழுத்து மட்டும் 1:2000 என்றே நிற்கும். எண்ணோடு அளவுக் கோலையும் வரைந்துவிடுங்கள். தாள் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும்.