புது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு: டியூ ரிஜிஸ்டர் போடுவது எப்படி?

ஏஜென்ட் ஆவதற்கான ஐசி-38 தேர்வு எழுதுவது, ஏஜென்சி கோடு (கம்பெனி தரும் ஏஜென்ட் எண்) வாங்குவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களைச் சேர்த்துவிட்ட அதிகாரி இருக்கிறார். கோடு வரும்வரை அவரே உங்களை விடமாட்டார். கோடு வந்து, சொந்தக்காரர்களிடம் நாலைந்து பாலிசி போட்டு முடித்த பிறகுதான் தனியாக நிற்போம். இந்தப் பதிவு அங்கே தொடங்குகிறது.

முதல் வருடக் கமிஷன் பெரிதாகத் தெரியும். அடுத்த வருடம் சதவீதம் வெகுவாகக் குறையும். ஆனாலும் சம்பளம் இல்லாத இந்த வேலையில் நம்பி வீட்டு வாடகை கொடுக்கக்கூடிய பணம் ரினியூவல் கமிஷன்தான். வாடிக்கையாளர் பிரீமியம் கட்டினால் அது வரும், கட்டாவிட்டால் வராது. அதனால் பாலிசி போட்ட அன்றே டியூ ரிஜிஸ்டரில், அதாவது யார் எப்போது பிரீமியம் கட்ட வேண்டும் என்ற பட்டியலில், ஏற்றிவிடுங்கள்.

1. எதில் எழுதுவது?

கூகுள் ஷீட்ஸ் போதும். கம்பெனி ஆப்பிலும் டியூ லிஸ்ட் வரும்தான். ஆனால் “ஜூனில் காலேஜ் ஃபீஸ் கட்டுவார், மே மாதமே ஞாபகப்படுத்து” என்று குறித்துவைக்க அதில் இடமில்லை. காசு கொடுத்து வாங்கும் ஏஜென்ட் சாஃப்ட்வேர் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். ஷீட்டை யாருக்கும் ஷேர் செய்யாதீர்கள்; அதில் இருப்பது அடுத்தவர் வீட்டு விவரம்.

2. என்னென்ன கட்டங்கள்?

பெயர், பாலிசி எண், பிரீமியம், கட்டும் முறை (வருடம், அரை வருடம், காலாண்டு, மாதம்), அடுத்த டியூ, கிரேஸ் (டியூ தேதி தாண்டியும் கட்டத் தரும் அவகாசம்) முடியும் நாள், நாமினி, குறிப்பு. அவ்வளவுதான்.

3. தேதி: இங்கேதான் சிக்கல்

என்னை ரொம்ப நேரம் திண்டாட வைத்தது இந்த இடம். 05/04 என்று ஏப்ரல் 5-ஐ மனதில் வைத்து அடிக்கிறோம். ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 25/04 என்று அடித்தாலோ 25-வது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் அந்த வரி எங்கோ போய் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை.

முதல் தேதியை அடிப்பதற்கு முன்பே ஃபைல், செட்டிங்ஸ் போய் லொகேல் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றுங்கள். தேதி கட்டத்தின் வலது ஓரம் ஒட்டி நின்றால் அது தேதி. இடது ஓரம் நின்றால் வெறும் எழுத்து, திரும்ப அடியுங்கள். ஏற்கெனவே தப்பாக மாறிய தேதிகளை லொகேல் மாற்றினாலும் ஷீட் திருத்தாது. பாலிசி பத்திரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

4. கிரேஸ்

டியூ தேதியோடு 30 கூட்டினால் கிரேஸ் முடியும் நாள் (மாதத் தவணைக்கு மட்டும் 15). கிரேஸ் காலத்தில் மரணம் நேர்ந்தாலும் காப்பீடு உண்டு. பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். இதை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள், ஆனால் “அதான் 30 நாள் இருக்கே” என்று அவர் பழகிவிடாதபடி சொல்லுங்கள். நான் டியூவுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு வாட்ஸ்அப் அனுப்புவேன். டியூ அன்று பணம் வராவிட்டால் போன்தான். போனில் கேட்டால்தான் உண்மைக் காரணம் வெளியே வரும்.

5. “எனக்கு எவ்வளவு விட்டுத்தருவ?”

ரிஜிஸ்டர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், வாடிக்கையாளர் உங்கள் கமிஷனில் பங்கு கேட்கும் இந்தக் கேள்விக்குத் தலையாட்டினால் வீண். இன்ஷூரன்ஸ் சட்டம் 41-வது பிரிவின்படி கமிஷனில் பங்கு கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 40,000 ரூபாய் பிரீமியத்தில் முதல் வருடம் 10,000 கமிஷன் என்று வைப்போம். 5,000 விட்டுக்கொடுத்தாலும் உங்கள் வருமானமாகப் பதிவாவது 10,000தான், வரிக் கணக்கும் அதற்குத்தான். தள்ளுபடிக்காகப் போட்டவருக்கு அடுத்த வருடம் தள்ளுபடி கிடையாது, பெரும்பாலும் கட்டவும் மாட்டார். பாலிசி லேப்ஸ் (பிரீமியம் கட்டாமல் காலாவதி), ரினியூவல் கமிஷன் பூஜ்யம், உங்கள் 13-வது மாத பெர்சிஸ்டென்சியும் (முதல் வருடம் தாண்டியும் தொடரும் பாலிசிகளின் விகிதம்) இறங்கும். “மாமா, அதில் கை வைத்தால் என் கோடே போயிடும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

பின்சேர்க்கை 1: மாதத் தவணைக்கும் 30 நாள் போட்டுவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மாதத் தவணைக்கு கிரேஸ் 15 நாள்தான். ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனால் கையில் இருப்பது அவ்வளவுதான்.

பின்சேர்க்கை 2: லேப்ஸாகி ரிவைவல் செய்த (மறுபடி நடப்புக்குக் கொண்டுவந்த) பாலிசியை எப்படிக் குறிப்பது என்று கேட்டவர்களுக்கு: ரிவைவல் தேதிக்கு ஒரு கட்டம் சேருங்கள். இன்ஷூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவில் சொல்லும் 3 வருடம், அதாவது அதன் பிறகு கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்ற கெடு, ரிவைவல் ஆன பாலிசிக்கு அந்தத் தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும். ரிவைவலுக்குக் கொடுக்கும் உடல்நல அறிக்கையில் சர்க்கரை, பிரஷர் எதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.