ஐடா ஸ்கடரின் காகிதங்களைத் தேடிப் படிப்பது எப்படி?

வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பிறந்தது ராணிப்பேட்டையில் (1870), இறந்தது கொடைக்கானலில் (1960). ஆனால் கடிதம் முதலான அவருடைய காகிதங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்துக்குத்தான் எழுத வேண்டும். பெண்கள் வரலாற்றுக்கென்றே இருக்கும் நூலகம் அது.

உடனே காகிதங்கள் இருக்கும் பெட்டியைக் கேட்டு எழுதாதீர்கள். முதலில் ஹார்வர்டின் ஆவணத் தேடல் பக்கத்தில் இந்தத் தொகுப்புக்கான விவரப் பட்டியலைத் திறந்து நிதானமாகப் படியுங்கள், எந்தப் பெட்டியில் எந்த ஃபோல்டர், அதில் எந்த ஆண்டு என்றெல்லாம் அங்கேதான் இருக்கும். பக்கத்திலேயே ஒரு தாளில் அவருடைய ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம், 1902இல் வேலூரில் பெண்களுக்காக 40 படுக்கையுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தேதியில்லாத கடிதம் கையில் கிடைக்கும்போது இந்தத் தாள்தான் காப்பாற்றும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐடா எஸ். ஸ்கடர் வேறு, ஐடா பி. ஸ்கடர் வேறு. பின்னவர் இவருடைய அண்ணன் மகள், அவரும் வேலூரில் டாக்டர்தான்! நடுவில் இருக்கும் எழுத்தைப் பார்க்காமல் குறிப்பெடுத்தால் அத்தை செய்தது மருமகள் கணக்கில் போய்விடும்.

இனி படிக்கும் விதம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி இவரைக் கூப்பிட்டார்கள், இவரோ அப்போது டாக்டர் இல்லை, டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றதற்கு ஆண் டாக்டர் கூடாதென்று திரும்பிவிட்டார்கள், மூன்று பெண்களுமே இறந்துபோனார்கள் என்ற கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பேன். பொய் என்று சொல்ல வரவில்லை. பல மேடைகளில் பல வருடம் சொல்லப்பட்ட கதைக்கு ஒரு மெருகு ஏறியிருக்கும், அவ்வளவுதான். எது எந்தத் தேதியில், யாருக்கு எழுதியது என்று பார்த்துப் படியுங்கள். நன்கொடை கேட்டு அமெரிக்க சபைப் பெண்களுக்கு எழுதும்போது ஒரு குரல் வரும், வீட்டுக்கு எழுதும்போது வேறு குரல் வரும். பிரசவம், பெண்கள் அறுவை சிகிச்சை, கிராமத்துக்குப் போய்ப் பார்த்த வைத்தியம் என்று அவருடைய அன்றாட வேலையை இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிடிக்க முடியும்.

அப்புறம், இவர் சார்ந்திருந்த ஆற்காடு மிஷன் அமெரிக்க ரிஃபார்ம்டு சபை என்ற கிறிஸ்தவத் திருச்சபையுடையது. அந்தச் சபையின் ஆவணங்கள் நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கின்றன. ஷ்லெசிங்கரில் ஒரு தரப்பு எழுதிய கடிதம்தான் கிடைத்ததென்றால் எதிர்த்தரப்பு எழுதியதை அங்கே தேடிப் பாருங்கள்.

நேரில் போகிறவர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் பதிந்து, பெட்டிகளைக் கேட்டு வையுங்கள், போன அன்றே எல்லாம் கைக்கு வந்துவிடாது. பேனாவை வெளியிலேயே வைத்துவிட வேண்டும், பென்சில் மட்டும்தான். நோயாளி பெயர் வரும் தாள்களுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் பெயரை எழுதாதீர்கள்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு ஃபோல்டருக்கும் முதல் படம் அதன் லேபிளாக இருக்கட்டும். நான் ஒருமுறை வேறோர் ஆவணக் காப்பகத்தில் அதைச் செய்யாமல் நாற்பது படம் எடுத்து வந்தேன், எது எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.